எஸ்11 நன்றாக இருக்கிறது. டிஷ் நன்றாக இருக்கிறதா?

விஎன்ஏ (அலையை அனுப்பி, திரும்பி வருவதையும் மறுமுனைக்குப் போய்ச் சேர்வதையும் அளக்கும் கருவி) திரையில், எஸ்11 கோட்டில் 2400 மெகாஹெர்ட்ஸுக்கு நேராக −25 டிபி பள்ளம் விழுந்துவிட்டால், டிஷ் வேலை முடிந்தது என்று பலரும் மாடியிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். அதே போர்ட்டில் 50 ஓம் லோடு ஒன்றைத் திருகிப் பாருங்கள். −40 டிபி காட்டும். ஆனால் அந்த லோடு எந்தத் திசைக்கும் எதையும் அனுப்பாது. எஸ்11 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அனுப்பிய சக்தி திரும்பி வரவில்லை. அது வானத்துக்குப் போனதா, தரைக்குப் போனதா, ஃபீடை (டிஷ்ஷின் குவியத்தில் நிற்கும் சிறு ஆன்டெனாவை) மூடிய டப்பாவைச் சூடாக்கியதா என்பது அதற்குத் தெரியாது.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட டிஷ் இது: 90 செ.மீ. விட்டம், டிடிஎச் வகை ஆஃப்செட் டிஷ் (ஃபீட் நடுவில் இல்லாமல் ஓரமாக நிற்பது), கியூஓ-100 செயற்கைக்கோளுக்கு 2400 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்புவதற்கான ஃபீட். 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹைல்-2-இல் இருக்கும் இந்த அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்பாண்டர் (கேட்டதை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவி) கிழக்கே 25.9 பாகையில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கில், சுமார் 27 பாகை உயரத்தில். யாழ்ப்பாணத்திலும் கிட்டத்தட்ட அதே இடம்தான். இந்த டிஷ்ஷைச் சோதிக்க ஐந்து வழிகள் உண்டு. எதற்கு எவ்வளவு செலவு, எது எதைக் காட்டும், எது எங்கே பொய் சொல்லும் என்பதுதான் கேள்வி.

முதலில் எதிர்பார்க்க வேண்டிய எண்கள். 2400 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ. 90 செ.மீ. டிஷ் நூறு சதவீதத் திறனோடு வேலை செய்தால் கெயின் (எல்லாத் திசைக்கும் சமமாக அனுப்பும் ஆன்டெனாவைவிட எவ்வளவு ஓங்கி அனுப்புகிறது என்பது) 27.1 டிபிஐ. நடைமுறையில் 55 சதவீதம் கிடைத்தால் நல்ல டிஷ், அது 24.5 டிபிஐ. 35 சதவீதம் என்றால் 22.5. கற்றையின் அரைத்திறன் அகலம் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள். எண் இல்லாமல் அளக்கப் போனால் எந்த அளவும் சரியாகத்தான் தோன்றும்.

எந்தக் கருவி

மலிவு விஎன்ஏ-க்களில் தேர்வு உண்மையில் சுலபம். ஆரம்ப கால நானோவிஎன்ஏ-எச் வகை 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் அடிப்படை அலையில் ஓடும். அதற்கு மேல் 3-ஆம், 5-ஆம் ஹார்மோனிக்கை (அடிப்படை அலையின் மடங்கை) பயன்படுத்தி 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை இழுக்கிறது. மேலே போகப் போக இரைச்சல் ஏறி, அளக்கக்கூடிய வீச்சு சுருங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இது ஆகாது. நானோவிஎன்ஏ வி2 வகை 3 கிகாஹெர்ட்ஸ் வரை, வி2 பிளஸ்4 4.4 வரை, லைட்விஎன்ஏ 6.3 வரை போகும். லிப்ரேவிஎன்ஏ 6 கிகாஹெர்ட்ஸ் வரை. இதில் திரை கிடையாது, கணினியோடுதான் ஓடும். ஆனால் இரண்டு போர்ட்டும் முழுமையானவை. விலை மற்றவற்றைப் போலப் பல மடங்கு.

2.4 கிகாஹெர்ட்ஸ் டிஷ்ஷுக்கு வி2 போதும். 5.7 கிகாஹெர்ட்ஸ் ஆசை இருந்தால் லைட்விஎன்ஏ. லிப்ரேவிஎன்ஏ-யின் இரு போர்ட் திருத்தம் ஃபில்டர், ஆம்பிளிஃபையர் அளப்பவர்களுக்குப் பெரிய வரம். டிஷ் அளக்க மட்டும் அதை வாங்குவது வீண். மலிவுக் கருவிகளில் போர்ட் 2-இன் பொருத்தமின்மை திருத்தப்படாது என்பது குறைதான். அந்தப் போர்ட்டின் வாயில் 6 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றைத் திருகிவிட்டால் குறையின் பெரும்பகுதி போய்விடும். மிச்சமாகும் பணத்தில் நல்ல கேபிள் வாங்குங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 மீட்டருக்கு ஒரு டிபி அளவில் தின்னும். எல்எம்ஆர்-240 மீட்டருக்கு 0.42 டிபி, எல்எம்ஆர்-400 0.22. பத்து மீட்டர் கேபிளில் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபீடை மட்டும் பார்ப்பது: எஸ்11

செலவே இல்லாத வழி, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். ஆனால் இதன் எல்லை சின்னது. எஸ்11 −10 டிபி என்றால் இழப்பு 0.46 டிபி. −15 என்றால் 0.14. −25-க்குப் போனால் இழப்பே இல்லை என்று சொல்லலாம். ஆக −15-இலிருந்து −25-க்கு இழுக்க ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்தால் கிடைக்கும் லாபம் 0.13 டிபி. ஃபீடைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைத்தாலோ, வட்ட முனைவாக்கம் (அலை சுழன்றபடி போகும் திசை) தலைகீழாகப் போனாலோ போகும் டிபி-க்கு முன்னால் இது தூசு. பவர் ஆம்பிளிஃபையரைக் காப்பாற்ற −15 போதும்.

கருவியை ஆன் செய்து கால் மணி நேரம் விட்டு, ஃபீடில் இணையப் போகும் கேபிளின் முனையில் ஓப்பன், ஷார்ட், லோடு (திறந்த முனை, ஷார்ட் செய்த முனை, 50 ஓம்) கேலிபிரேஷன் செய்யுங்கள். செய்த கேலிபிரேஷன் சரியா என்று பார்க்க அதே கிட்டிலுள்ள ஓப்பனைத் திரும்பத் திருகிப் பயனில்லை. அது தான் சொன்னதையே திரும்பச் சொல்லும். நல்ல 3 டிபி அட்டெனுவேட்டர் ஒன்றை இணைத்து, மறுமுனையைத் திறந்தே விடுங்கள். அலை போகும்போது 3, வரும்போது 3. −6 டிபி காட்ட வேண்டும். மறுமுனையை ஷார்ட் செய்தாலும் அதே −6. இரண்டும் அரை டிபி-க்குள் ஒத்துப்போனால் நம்பலாம்.

இந்த இடத்தில் பலரையும் கவிழ்ப்பது கனெக்டர். வைஃபை சாமான்களில் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ. மரை ஒன்றேதான், எஸ்எம்ஏ-யில் அழகாகத் திருகிக்கொள்ளும், ஆனால் நடு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் துளை இருக்கும். திரையில் 0 டிபி-யை ஒட்டி நேர்கோடு வந்தால் ஃபீடைக் கழற்றுவதற்கு முன் கனெக்டருக்குள் எட்டிப் பாருங்கள். அடுத்தது எஸ்எம்ஏ-இலிருந்து என்-வகைக்கு மாற்றும் அடாப்டர். மலிவு அடாப்டர் தன் பங்குக்கு −20 டிபி பிரதிபலித்தால், உண்மையில் −20 உள்ள ஃபீட் திரையில் −14 ஆகவும் தெரியலாம், அடியே தெரியாத பள்ளமாகவும் தெரியலாம். இரண்டு அலைகளும் சேருமா, அடித்துக்கொள்ளுமா என்பது இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. திரையில் −45 என்று ஒரு கூர்மையான ஊசி தெரிந்து மகிழ்ச்சி வந்தால், அடாப்டரை மாற்றி ஒரு தடவை பார்ப்பது நல்லது. ஊசி இடம் மாறினால் அது ஃபீடின் குணமல்ல.

ஃபீடை முதலில் தனியாக, திறந்த வானத்தை நோக்கிப் பிடித்து அளந்து, பிறகு டிஷ்ஷில் பொருத்தி அளக்க வேண்டும். நடுக்குவிய டிஷ்ஷில் அலையின் ஒரு பங்கு டிஷ்ஷின் நடுவில் பட்டு ஃபீடுக்கே திரும்பும். குவியத் தூரம் 36 செ.மீ. என்றால் எஸ்11 கோட்டில் 416 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அலை அலையாக ஏறி இறங்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டும் பார்த்தால் இது அலையாகத் தெரியாது, பள்ளம் இடம்பெயர்ந்ததாகத்தான் தெரியும். ஆஃப்செட் டிஷ்ஷில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆஃப்செட்டில் பொருத்திய பிறகு எஸ்11 பெரிதாக மாறினால் டிஷ்ஷைக் குற்றம் சொல்லாதீர்கள். தாங்கி, கிளாம்ப், எல்என்பி (கீழே வரும் அலையைப் பிடிக்கும் டிடிஎச் தலை) என்று பக்கத்திலுள்ள உலோகத்தைப் பாருங்கள்.

மழைக்கு மூடும் டப்பாவை மாட்டியபடியே அளக்க வேண்டும். பிளாஸ்டிக் பக்கத்தில் வந்தாலே பேட்ச் (தட்டைத் தகடு) ஃபீடின் ஒத்ததிர்வு கீழே இறங்கும், பேட்ச்சின் பட்டையோ குறுகலானது. டப்பா எந்தப் பிளாஸ்டிக் என்பதும் முக்கியம். மைக்ரோவேவ் அடுப்பும் 2450 மெகாஹெர்ட்ஸ்தானே. ஒரு டம்ளர் தண்ணீரோடு டப்பாவையும் ஒரு நிமிடம் உள்ளே வையுங்கள். தண்ணீர் மட்டும் சூடானால் டப்பா சரி. டப்பா சுட்டால் உங்கள் சக்தி அங்கேதான் போகப்போகிறது. அப்படிச் சக்தியைத் தின்னும் டப்பா எஸ்11-ஐ இன்னும் அழகாகக் காட்டும் என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

ஒப்பிட்டு அளப்பது: எஸ்21

டிஷ்ஷைப் பற்றி உண்மையான செய்தி தரும் வழி இதுதான். ஒரு முனையில் சின்ன ஆன்டெனா ஒன்றிலிருந்து அலையை அனுப்புகிறோம். மறுமுனையில் கெயின் தெரிந்த ஹார்ன் (புனல் வடிவ ஆன்டெனா) ஒன்றை வைத்து எஸ்21-ஐ, அதாவது போர்ட் 1-இலிருந்து போன சக்தியில் போர்ட் 2-க்கு வந்து சேர்ந்த பங்கை, குறித்துக்கொள்கிறோம். ஹார்னை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே கேபிளில் டிஷ்ஷை வைக்கிறோம். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிஷ்ஷுக்கும் ஹார்னுக்கும் உள்ள கெயின் வித்தியாசம். கேபிள் இழப்பு, அட்டெனுவேட்டர், அனுப்பும் ஆன்டெனாவின் கெயின் எல்லாம் கழிந்துவிடும். எஸ்21 கேலிபிரேஷன்கூட வேண்டியதில்லை. மலிவுக் கருவிக்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது, ஏனென்றால் அதன் பெரும்பாலான பிழைகள் இரண்டு அளவிலும் ஒரே மாதிரி இருந்து காணாமல் போகின்றன.

அனுப்பும் முனைக்கு 90 மி.மீ. விட்டமுள்ள தகர டப்பா போதும். அந்த விட்டத்தில் முதல் அலைமுறை 1.95 கிகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது, அடுத்தது 2.55-இல், 2.4 இரண்டுக்கும் நடுவே உட்காருகிறது. அடித்தட்டிலிருந்து 54 மி.மீ. தள்ளி என்-கனெக்டர், உள்ளே 30 மி.மீ. செப்புக் கம்பி. கம்பியை ஒரு மி.மீ. கூடுதலாக விட்டு, எஸ்11 பார்த்து நறுக்கிக்கொள்ளலாம். இதன் கெயின் துல்லியமாகத் தெரிய வேண்டியதில்லை. ஒப்பீட்டு ஹார்னுக்குத்தான் தெரிய வேண்டும். வாய் 31 செ.மீ. × 25 செ.மீ. உள்ள பிரமிடு ஹார்ன், உகந்த விரிவோடு செய்தால் 15 டிபிஐ தரும். அட்டையில் செய்து அலுமினியத் தாள் ஒட்டினாலும் ஓடும். மூலைகளில் தாள் தொடர்ந்து ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவே. ஹார்னின் கெயினை அதன் வாயளவிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்பதால்தான் ஒப்பீட்டுக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறோம். இன்னொரு தகர டப்பாவை ஒப்பீட்டுக்கு வைத்தால் ஒரு டிபி வரை ஐயம் நிற்கும்.

எவ்வளவு தூரம்? புத்தகச் சூத்திரம், விட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுக்கச் சொல்கிறது. நம் டிஷ்ஷுக்கு 13 மீட்டர். பலரும் இதைப் பார்த்துவிட்டு, அவ்வளவு நீளம் மாடி இல்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. கெயின் மட்டும் பார்ப்பதற்கு இதில் பாதித் தூரம் போதும். சீராக ஒளியூட்டப்பட்ட வட்டத் திறப்புக்குக் கணக்கிட்டால் 6.5 மீட்டரில் பிழை 0.2 டிபி-தான். மூன்று மீட்டருக்கு வந்தால்தான் அது ஒரு டிபி-யை நெருங்கும். எட்டு மீட்டரில் வைப்பதில் வேறு இரண்டு லாபம் உண்டு. பாதை இழப்பு 58 டிபி-யோடு நிற்கும், 15 மீட்டரில் இருப்பதைவிட ஐந்தரை டிபி குறைவு. இரண்டாவது லாபம், தரைப் பிரதிபலிப்பு.

தரைப் பிரதிபலிப்புதான் இந்த முறையின் பெரிய எதிரி. இரண்டு ஆன்டெனாவும் 1.5 மீட்டர் உயரத்தில், 15 மீட்டர் தூரத்தில் இருந்தால், தளத்தில் பட்டு வரும் அலை நேர் அலையிலிருந்து 11 பாகை மட்டுமே கீழே வருகிறது. டிஷ் அந்தக் கோணத்தில் செவிடு, ஹார்னுக்கோ நன்றாகக் கேட்கும். ஹார்ன் அளவு ஏறி இறங்க, டிஷ் அளவு அப்படியே நிற்க, வித்தியாசம் பொய்யாகிவிடும். எட்டு மீட்டரில் அந்தக் கோணம் 20 பாகை. ஹார்னும் கொஞ்சம் காது மூடிக்கொள்ளும். மிச்சத்தைக் கண்டுபிடிக்க, ஹார்னை 15 செ.மீ. மேலும் கீழுமாக நகர்த்துங்கள். எஸ்21 அசையாவிட்டால் நல்லது. ஒரு டிபி ஆடினால் ஐந்தாறு உயரங்களில் எடுத்துச் சராசரி போடுங்கள்.

டைம் கேட்டிங் செய்து (தாமதமாக வரும் அலையை நேரம் பார்த்து நீக்கி) தரை அலையை வெட்டிவிடலாமே என்று தோன்றும். 15 மீட்டர் அமைப்பில் இரண்டு பாதைக்கும் வித்தியாசம் 30 செ.மீ.; பிரித்துப் பார்க்க ஒரு கிகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஃபீட் 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில்தான் உயிரோடு இருக்கிறது. எனவே அந்த வழி அடைபட்டது. எந்த மென்பொருளும் இதை மாற்றாது.

ஸ்வீப்பை (கருவி அளந்து போகும் அலைவரிசை வீச்சை) 2380 முதல் 2420 வரை மட்டும் வையுங்கள். 2000 முதல் 3000 வரை 101 புள்ளியில் எடுத்தால் ஒரு படி 10 மெகாஹெர்ட்ஸ். நீளமான கேபிளுக்குள் முன்னும் பின்னும் ஓடும் அலை ஏற்படுத்தும் நெளிவு அதைவிட நெருக்கமாகவும் இருக்கலாம், அது இல்லாத வடிவமாகத் திரையில் தெரியும். நகரத்தில் இன்னொரு தொல்லை: 2400-க்குக் கீழே 2300 முதல் மொபைல் போன்களின் எல்டிஇ, மேலே வைஃபை. எஸ்21 கோட்டில் திடீர்த் திடீரென்று முள் குத்துவது இவற்றால். சராசரி எண்ணிக்கையை 20-க்கு ஏற்றுங்கள், வீட்டு ரூட்டரை அணையுங்கள். பக்கத்து வீட்டு ரூட்டருக்கு அதிகாலைதான் மருந்து.

ஆஃப்செட் டிஷ்ஷைக் குறிவைப்பதில் கவனம். அதன் கற்றை முகத்துக்குச் செங்குத்தாக வருவதில்லை, 25 பாகை அளவு மேலே தூக்கி வருகிறது. சென்னையில் செயற்கைக்கோளைப் பார்க்கும் ஆஃப்செட் டிஷ் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக நிற்பதும் அதனால்தான். மாடியில் கிடைமட்டமாக இருக்கும் டப்பாவைப் பார்க்க வைக்கும்போது அது முகம் குப்புற விழப்போவது போல முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு பக்கக் கற்றையைப் பிடித்து, கெயின் 12 டிபிஐ-தான் என்று வருந்துபவர்கள் உண்டு.

இப்போது ஒரு கணக்கு. ஃபீட் வட்ட முனைவாக்கம், அனுப்பும் டப்பா நேர்கோட்டு முனைவாக்கம். எனவே டிஷ்ஷை இரண்டு முறை அளக்க வேண்டும்: டப்பாவின் கம்பி நெட்டாக ஒரு தடவை, 90 பாகை திருப்பிப் படுக்கையாக ஒரு தடவை. ஹார்னை வைத்து −36.1 டிபி வந்தது, டிஷ்ஷில் நெட்டாக −29.2, படுக்கையாக −30.1 வந்தது என்று வையுங்கள். கடைசி இரண்டையும் டிபி-யாகக் கூட்டக் கூடாது, சக்தியாக மாற்றிக் கூட்ட வேண்டும்: 0.00120 + 0.00098 = 0.00218, அதாவது −26.6 டிபி. ஹார்னைவிட 9.5 டிபி மேலே. 15 + 9.5 = 24.5 டிபிஐ. திறன் 55 சதவீதம், டிஷ் தேறியது. டப்பாவை 15 பாகை 15 பாகையாகத் திருப்பி எடுத்தால் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளி வட்டம் எவ்வளவு கோணலாகியிருக்கிறது என்பதைச் சொல்லும். 3 டிபி-க்குள் இருந்தால் விட்டுவிடலாம்.

ஆனால் இந்தக் கணக்கு வலம்புரியா இடம்புரியா என்று சொல்லாது. இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும். கியூஓ-100-க்கு மேலே போவது வலம்புரி அலையாக இருக்க வேண்டும். டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி மாறிவிடுவதால் ஃபீட் இடம்புரியாக இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் சுற்றியவர்களுக்கு 20 டிபி போகும், எஸ்11 மட்டும் பளிச்சென்று இருக்கும். சோதிக்க, அனுப்பும் முனையில் டப்பாவுக்குப் பதிலாக ஹெலிக்ஸ் (சுருள் கம்பி ஆன்டெனா) ஒன்றை வையுங்கள்: நான்கு சுற்று, ஒரு சுற்றின் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அலைநீளம், அதாவது 4 செ.மீ. குழாய்மேல் சுற்றியது. கடையில் வாங்கும் எந்தச் சாதாரண போல்ட்டின் மரையும் வலம்புரிதான். ஹெலிக்ஸைப் போல்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாலே திசை தெரிந்துவிடும். வலம்புரி ஹெலிக்ஸுக்கு டிஷ் நன்றாகக் கேட்டு, இடம்புரி ஹெலிக்ஸுக்கு 15 டிபி-யாவது கீழே இறங்க வேண்டும்.

கெயின் குறைவாக வந்தால் காரணத்தையும் இதே அமைப்பில் தேடலாம். டிஷ்ஷை இடமிருந்து வலமாக ஒவ்வொரு பாகையாகத் திருப்பி, இருபுறமும் 15 பாகை வரை குறித்துக்கொள்ளுங்கள். அரைத்திறன் அகலம் 10 பாகைக்குப் பதில் 13 என்றால் ஃபீட் டிஷ்ஷின் நடுவை மட்டும்தான் ஒளியூட்டுகிறது, சுற்று அதிகமான ஹெலிக்ஸை ஆழமான டிஷ்ஷில் வைத்தால் இப்படி ஆகும். அகலம் சரி, கெயின் மட்டும் குறைவு என்றால் அலை விளிம்பைத் தாண்டிக் கொட்டுகிறது, அல்லது டப்பாவோ கேபிளோ தின்கிறது. ஒரு பக்கம் தோள்பட்டை போலப் புடைத்திருந்தால் ஃபீட் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. டிஷ்ஷின் நசுங்கலை இந்த அலைவரிசையில் அதிகம் சந்தேகிக்க வேண்டாம். சராசரி வளைவுப் பிழை 8 மி.மீ. ஆனால்தான் 2.8 டிபி போகும். அதே பிழை 10 கிகாஹெர்ட்ஸில் டிஷ்ஷைக் கொன்றுவிடும்; அங்கே 1.8 மி.மீ.-க்கே அந்த இழப்பு.

குவியம் தேட, ஃபீடை 5 மி.மீ. படியாக உள்ளே வெளியே நகர்த்தி எஸ்21 உச்சத்தைப் பாருங்கள். உச்சம் தட்டையாகத்தான் இருக்கும்; இரண்டு பக்கமும் அரை டிபி இறங்கும் இடங்களைக் குறித்து நடுவை எடுப்பது நல்லது. பிறகு மறந்துவிடக் கூடாத ஒரு திருத்தம் உண்டு. எட்டு மீட்டரில் இருக்கும் மூலத்துக்குக் குவியம் வெளியே தள்ளி விழும், கண்ணாடி வில்லையைப் போலத்தான். குவியத் தூரம் 50 செ.மீ. என்றால் அதன் வர்க்கத்தை 8 மீட்டரால் வகுத்தால் 3 செ.மீ. அந்த 3 செ.மீ.-ஐ டிஷ்ஷை நோக்கி உள்ளே தள்ளி இறுக்கினால்தான் விண்ணிலிருக்கும் இலக்குக்குச் சரியாக இருக்கும்.

தகடு வைத்து அளப்பது

இரண்டாவது ஆன்டெனாவே வேண்டாம் என்பதால் இந்த முறை கவர்ச்சியாகத் தெரியும். ஆன்டெனாவுக்கு எதிரே பெரிய உலோகத் தகட்டை வைத்தால் தன் பிம்பத்தோடு தானே பேசும். எஸ்11 மாற்றத்திலிருந்து கெயின் கிடைத்துவிடும். நேர்கோட்டு முனைவாக்கமுள்ள ஹார்னைச் சரிபார்க்க இது அருமை. மேலே சொன்ன 15 டிபிஐ ஹார்ன் உண்மையில் 15-தானா என்று பார்க்க இதையே பயன்படுத்தலாம். நம் டிஷ்ஷுக்கு இது உதவாது. தகட்டில் பட்ட வலம்புரி இடம்புரியாகத் திரும்பும், ஃபீட் அதை ஏற்காது. எஸ்11 அசையாது, கெயின் பூஜ்யம் என்று கணக்கு சொல்லும்.

சூரியன்

தொழில்முறை வானியலாளர்களும் நம்பும் மூலம், வாடகை இல்லை. கனடாவின் பென்டிக்டனில் 2800 மெகாஹெர்ட்ஸில் தினமும் சூரியப் பாயத்தை (சூரியனிலிருந்து வரும் ரேடியோ சக்தியின் அளவை) அளந்து வெளியிடுகிறார்கள், நம் அலைவரிசைக்கு அது பக்கத்துவீடு. பாயம் 100 அலகாக இருக்கும் நாளில் நம் டிஷ்ஷின் இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலைக் கெல்வினில் சொல்லும் அளவு) சுமார் 127 கெல்வின் ஏறும். அமைப்பின் சொந்த இரைச்சல் 100 கெல்வின் என்றால், குளிர்ந்த வானத்துக்கும் சூரியனுக்கும் 3.6 டிபி வித்தியாசம் தெரிய வேண்டும். டிஷ்ஷை அசைக்காமல் விட்டு, சூரியனைக் கற்றையைக் கடந்து போக விட்டால் 40 நிமிடத்தில் கற்றையின் அகலமும் வந்துவிடும். தூரம் போதுமா என்ற கவலையும் கிடையாது.

ஆனால் விஎன்ஏ இதற்கு ஆகாது. நல்ல எல்என்ஏ (இரைச்சல் குறைந்த ஆம்பிளிஃபையர்), 2.4 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும் எஸ்டிஆர் (கணினியோடு ஓடும் ரேடியோ; மலிவான ஆர்டிஎல்-எஸ்டிஆர் 1.7-ஓடு நின்றுவிடும்), எல்டிஇ-யையும் வைஃபையையும் தடுக்கும் ஃபில்டர் எல்லாம் வேண்டும். இவை ஏற்கெனவே கையில் இருந்து, ஊருக்கு வெளியே இடமும் இருந்தால் எஸ்21-ஐவிட இதுவே சுத்தமான அளவு. அடர்ந்த தெருவில் அந்த 3.6 டிபி-யை ரூட்டர்களின் சத்தத்திலிருந்து பிரிப்பது கஷ்டம். அனுப்பும் ஃபீட் ஒன்றைச் சரிபார்க்க மட்டும் இந்தப் பட்டியலை வாங்கச் சொல்ல மாட்டோம்.

செயற்கைக்கோளையே கேட்பது

உரிமம் உள்ளவர்களுக்கு ஐந்தாவது வழி. மேலே அனுப்பிக் கீழே கேட்டு, டிரான்ஸ்பாண்டர் பீக்கனோடு (எப்போதும் ஒலிக்கும் அடையாள அலையோடு) ஒப்பிடுவது. எல்லாம் சேர்ந்து வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட நேரடியான விடை இல்லை. பீக்கனைவிட ஓங்கிப் போகக் கூடாது. போனால் லீலா (ஓங்கி அனுப்புபவர்களைக் கண்டுபிடிக்கும் அமைப்பு) சைரன் அடித்துக் காட்டிக்கொடுக்கும். விடை ‘இல்லை’ என்று வந்தால் மட்டும் இது ஊமையாகிவிடும். ஃபீடா, சுழற்சியா, ஆம்பிளிஃபையரா, குறியா என்று எதையும் பிரித்துச் சொல்லாது. அப்போது திரும்பவும் எஸ்21-க்குத்தான் வர வேண்டும்.

ஆக வரிசை இது: ஃபீடின் எஸ்11 −15-க்குக் கீழே வந்ததும் அதோடு நிறுத்துங்கள். ஹெலிக்ஸ் வைத்துச் சுழற்சியைப் பாருங்கள். பத்து நிமிட வேலை, மிகப் பெரிய தவறைப் பிடிப்பதும் அதுதான். பிறகு எட்டு மீட்டரில் ஒப்பீடு. மாடியில் ஆறு மீட்டர்கூட இல்லாதவர்கள் சுழற்சி வரை பார்த்துவிட்டு நேராகச் செயற்கைக்கோளுக்குப் போகலாம். கெயின் எண்ணை விட்டுக்கொடுப்பதுதான் அதற்கு விலை.

செயற்கைக்கோளிலிருந்து கீழே வரும் 10 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துக்கு மலிவு விஎன்ஏ எட்டாது, எட்டவும் வேண்டாம். 9750 மெகாஹெர்ட்ஸ் எல்என்பி 10489.750-இல் இருக்கும் நடுப் பீக்கனை 739.75-க்கு இறக்கித் தருகிறது. ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆரை மாட்டி, பீக்கன் இரைச்சலுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, அது உச்சத்துக்கு வரும்வரை டிஷ்ஷைத் திருப்புங்கள். இந்த அலைவரிசையில் அதே டிஷ்ஷின் கற்றை இரண்டு பாகைக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். 2.4-இன் பத்துப் பாகைக் கற்றையை வைத்துக் குறிவைப்பதைவிட இது பல மடங்கு கூர்மை. எல்என்பி-யும் 2.4 ஃபீடும் ஒரே குவியத்தில் இருந்தால், பீக்கனுக்கு இறுக்கிய போல்ட்டை மேலே அனுப்புவதற்காக மறுபடி தொட வேண்டியதில்லை.